முன்பு என்கிற கட்டம்

அவரை நாங்கள் ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வலங்கைமான் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கெல்லாம் தையல் மெஷினும் கறவை மாடும் வாங்கிக் கொடுத்த மகராசி அவர். எனக்கும்தான் வாங்கிக் கொடுத்தார். நல்லவரா என்றால் நல்லவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் பேசப்போகிற பேச்சில் அது மறந்துபோய்விடக் கூடாது.

யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "முன்னாடி எப்படி இருந்தீங்க?" என்பது. இப்ப எப்படி இருக்கீங்க என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். அக்காவுக்கு அதில் அக்கறை கிடையாது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரிடம் கேட்பார், முறுக்கு விற்கிற பெண்ணிடம் கேட்பார். என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு, "இது முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்றார். "முன்னாடி அது அம்மா வயித்துல இருந்துச்சுக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலை சம்பந்தமான பேச்சில் அவருக்குச் சிரிப்பே வராது.

உதவி கேட்டு எழுதுகிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இரண்டு கட்டம் இருக்குமாம். முன்பு, பின்பு. முன்பு கட்டத்தில் எவ்வளவு கஷ்டம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பின்பு கட்டத்தில் உதவி கிடைக்கும் என்பார். "நல்லா இருக்கேன்னு சொல்றவளுக்கு எவன்டி குடுப்பான்?" இதைச் சொல்லிவிட்டுத் தன் ரெக்சின் பையைத் திறப்பார். உள்ளே ஏழெட்டு மகளிர் குழுக்களின் ரப்பர் ஸ்டாம்பு, மை டப்பா, கோந்து பாட்டில், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோவில் ஒருத்திக்கும் பல் தெரியாது. எடுக்கும்போதே அக்கா பக்கத்தில் நின்று அதட்டுவார். "சிரிக்காதடி. கழுத்துல அது என்ன, கவரிங்கா? கவரிங்னு போட்டோவுக்குத் தெரியுமா? கழட்டு."

நீடாமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். கடைத்தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டரில் அவருக்கென்று ஒரு மூலை நாற்காலி. கடைசித் தேதி அன்றைக்கு சர்வர் படுத்துக்கொண்டால் அக்கா கம்ப்யூட்டரைத் திட்டுகிற திட்டைக் கேட்கத் தெருவே நிற்கும். ஒரு பைசா வாங்க மாட்டார். சாப்பிடச் சொன்னால் ஒரு டம்ளர் மோர் போதும் என்பார். வெயிலில் குடை பிடிக்க மாட்டார், குடை பிடித்த கையால் பையைப் பத்திரமாகப் பிடிக்க முடியாதாம். அப்படிப்பட்ட மனுஷியை எப்படித் திட்டுவது, சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மாப்பிள்ளைச் சம்பா அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்துப் புட்டு மாவாக்கி, கும்பகோணத்தில் நாலு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் கை வேலை. இருப்புச் சட்டியில் வறுத்து வறுத்து மல்லிகாவுக்குக் கண்ணில் எப்போதும் நீர் வடியும். வறுக்கவும் அரைக்கவும் மெஷின் இருந்தால்தான் கேட்கிற அளவுக்குக் கொடுக்க முடியும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மெஷின் வந்தால் பிழைப்பு, வராவிட்டால் பன்னிரண்டு பேரும் மறுபடியும் களை எடுக்கப் போக வேண்டியதுதான். அப்படித்தான் அக்காவிடம் போய் நின்றோம்.

அக்கா எங்களுக்காக மூன்று விண்ணப்பம் எழுதினார். ஒன்றில் எங்கள் மாவு, ரத்தசோகை உள்ள வளரிளம் பெண்களுக்கான சத்துணவு. இன்னொன்றில், பருவநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும் மரபு நெல்லின் பாதுகாப்பு. மூன்றாவதில் விதவைகளின் வாழ்வாதாரம். எங்கள் பன்னிரண்டு பேரில் விதவை ஒருத்திதான்.

"மத்தவங்க எல்லாம் என்னக்கா?" என்றேன்.

"அது கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கேன்."

மாவு என்னவோ அதே மாவுதான். மூன்று இடத்திலிருந்தும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அக்கா அசரவில்லை. மறுப்பு ஒவ்வொன்றையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் வைத்திருப்பார். எந்த நிறுவனத்துக்கு எந்தக் கஷ்டம் பிடிக்கும் என்று அந்த ஃபைலைப் புரட்டிச் சொல்வார். "இவங்களுக்குக் குழந்தைங்கன்னா உசுரு. இவங்களுக்கு ஏரி, குளம். இவங்க சென்னைக்காரங்க, குடிகாரன் குடும்பம்னா உடனே ஓடி வருவாங்க." சொல்லிவிட்டு எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். "யார் வீட்டுல குடிக்கிறாங்க?"

என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் வீட்டில் குடி உண்டு. ஊருக்கே தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டே, "எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்க்கா. எழுத்துல வந்துச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள். இன்னொருத்தி எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் சாயந்திரம் கடைசித் தேதி.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யார் சொன்னது என்று சரியாக நினைவில்லை, மல்லிகாவாகத்தான் இருக்கும். குடிக்கிறவர் பெயரைப் போட்டால் மானம் போகும். குடிக்காதவர் பெயரைப் போட்டால் ஊரில் எவனும் நம்ப மாட்டான், ஒரு கெடுதலும் வராது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் சாராயக் கடை இருக்கிற தெருவழியாகக்கூட நடக்க மாட்டார். ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். எனக்குக் குழுக்கூட்டம் என்றால் அவரே உலை வைத்துச் சோறு வடித்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் காபி.

"உன் வீட்டுக்காரரைச் சொன்னா அந்தக் காக்காய்கூட நம்பாதுடி. அதனால தப்பே இல்ல" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன், அன்றைக்கு இந்தத் தலை ஏன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடாமல் மேலும் கீழுமாக ஆடியது என்று.

விண்ணப்பம் போன இரண்டாம் மாதம், நேரில் பார்க்க வருகிறோம் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. அந்தக் குடிகாரக் கணவரையும் பார்க்க வேண்டுமாம். அக்கா அன்றைக்கே ஓடி வந்தார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு குடிச்சேன்னு கேட்டா என்ன சொல்றது, அரைப்படியா?" என்றார்.

"ஐயோ தம்பி, அது என்ன நெல்லா? குவார்ட்டர்னு சொல்லணும்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. ஒரே சிரிப்பு.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு சின்னப் பெண்ணும் கேமராக்காரர் ஒருவரும். நல்ல பிள்ளைகள். காலில் சேறு படப் படச் சலிக்காமல் வரப்பில் நடந்து வந்தார்கள். என் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து அந்தப் பெண் கேட்டது, "எவ்வளவு குடிப்பீங்கய்யா?"

குவார்ட்டர் என்கிற வார்த்தை அவருக்கு மறந்துபோய்விட்டது. "ஒரு நாளைக்கு எட்டுத் தடவைங்க" என்றார். "காலையில எந்திரிச்சதும் ஒண்ணு உள்ள போகணும். இல்லாட்டி கை கால் ஓடாது. வயலுக்கே தூக்குல கொண்டுக்கிட்டுப் போயிடுவேன்." காபிக் கணக்கை அப்படியே ஒப்பித்துவிட்டார். அந்தப் பெண் கண்ணை அகல விரித்துக்கொண்டு எழுதியது. நாங்கள் பன்னிரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றோம்.

பிறகு நாங்கள் ஒத்திகை பார்க்காத கேள்வி வந்தது. "அம்மாவை அடிச்சிருக்கீங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவின் தலை லேசாக அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்க வேண்டும். இல்லைங்க, இவர் எறும்பைக்கூட மிதிக்க மாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். அவர் "ஆமாங்க" என்றார். கண் கலங்கிவிட்டது. கேமராக்காரர் ஒரு எட்டு முன்னால் வந்து நின்று எடுத்தார்.

அவர்கள் போனதும் இவர் அடிபைப்பில் ரொம்ப நேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அடிச்சேன்னு சொன்னது ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பிறகு அவரே, "மெஷின் வந்துடும்ல?" என்றார்.

வந்தது. வறுக்கிற மெஷின், அரைக்கிற மெஷின், பாக்கெட் ஒட்டுகிற மெஷின் எல்லாம் வந்தன. இன்றைக்கு எங்கள் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறதென்றால் அதனால்தான். மல்லிகாவின் கண் சரியாகிவிட்டது. நான் நன்றி கெட்டவள் இல்லை.

மெஷின் வந்த பிறகு அந்த வீடியோவும் வந்தது. இரண்டு நிமிஷம், பின்னணியில் வயலின் இசை. அந்த நிறுவனத்துக்காரர்கள் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், அது போன் போனாகச் சுற்றியது. எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை, சிரித்தார்கள். ஆனால் வீடியோ எங்கள் ஊரோடு நிற்கவில்லையே! மன்னார்குடியில் இருக்கிற என் நாத்தனார் போன் செய்து அழுதார். "எந்தம்பி உன்னை இந்தப் பாடு படுத்தியிருக்கான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?" நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேனாம்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தஞ்சாவூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் மகள் லீவுக்கு வந்தாள். இரண்டு நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மெஷின் கொட்டகையில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள். "அம்மா, நான் ஹாஸ்டல் போனதுக்கு அப்புறமா?"

அவர் தோளில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை! நடந்ததை எல்லாம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். அந்தச் சரியில் முழுசாக நம்பிக்கை இல்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

மறுநாளே அக்காவிடம் போனேன். அதை எடுக்கச் சொல்லுங்கள், தப்பாக எழுதிவிட்டோம் என்று ஒரு கடிதம் போடுங்கள் என்றேன். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு பொய்னா அந்த ஃபாரமே பொய்யாயிடும்டி. மெஷினைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. பன்னெண்டு குடும்பம். உனக்குச் சம்மதம்னா இப்பவே எழுதுறேன், சொல்லு." பேப்பரையும் எடுத்து வைத்துவிட்டார். மல்லிகாவின் கண்ணை நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வருஷா வருஷம் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் பின்பு கட்டம் வளர்ந்துகொண்டே போக வேண்டும். முதல் வருஷம், குடியை விட்டார். இரண்டாம் வருஷம், மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறார். மூன்றாம் வருஷம் ஒரு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு அவருக்குப் பொன்னாடையே போர்த்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை மடித்து விதைநெல் மூட்டை மேல் போட்டார். "பூச்சி அண்டாது, நல்ல கெட்டித் துணி" என்றார்.

பின்பு வளர வளர முன்பும் வளர்ந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை திருவாரூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு விண்ணப்பம் எழுத அக்கா பயிற்சி கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். "எங்க பக்கம் ஒரு தம்பி" என்று ஆரம்பித்தார். "குடிக்கக் காசு இல்லாம வீட்டுக் குத்துவிளக்கைத் தூக்கிக்கிட்டுப் போய் வித்துட்டான். அந்தப் பொண்ணு வெளக்கில்லாம தரையில அகல் வச்சுக் கும்பிட்டுச்சு." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு அன்று காலையில்கூட நான் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு வந்ததுதான். திரும்பும்போது பஸ்ஸில், "நல்லாத்தான் சோடிக்கிறீங்கக்கா" என்று இடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருத்தம் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இரங்கல் கூட்டத்துக்கு பேனர் அடிக்க வேண்டும், அவரைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அச்சகத்துப் பையன் கேட்டான். அவர் செய்த உதவியை எல்லாரும் மடமடவென்று சொன்னார்கள். எந்த ஊர்க்காரர், யார் வீட்டுப் பெண், கல்யாணமாகி அறுத்துக்கொண்டு வந்தவரா, ஆகவே இல்லையா என்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. ஊரில் அத்தனை பேரிடமும் கேட்டவரிடம், நீங்கள் முன்னாடி எப்படி இருந்தீர்கள் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் இறப்பதற்கு முந்தைய வருஷம்தான் என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கியது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காப்பீட்டு அட்டைக்கு ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றதும் அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து நின்றுவிட்டார். வேறு யார் வருவார்கள்? முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். மகள் வேலையிலிருந்து வந்து சேருகிற வரைக்கும் எனக்கு அவர்தான் துணை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே, "குடிப்பழக்கம் உண்டா?" என்றார்.

"இல்லைங்க" என்றார் இவர்.

"ஈரல் இப்படி இருக்குதே. பயப்படாம உண்மையைச் சொல்லுங்க."

"காபிதாங்க குடிப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டார். "டாக்டர், முன்னாடி ரொம்பக் குடிச்சாரு. இப்ப சுத்தமா விட்டுட்டாரு. அதுக்கு நான் சாட்சி."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். "என்னக்கா சொன்னீங்க உள்ள?"

"டாக்டர்கிட்ட மறைக்கலாமாடி? வைத்தியம் தப்பாப் போயிடாது?"

"அக்கா, அது நீங்க எழுதினது. மெஷினுக்காக நீங்க எழுதினதுக்கா!"

"நான்தான் எழுதினேன்" என்றார். என் முகத்தை வாஞ்சையாகத் தடவினார். "நடந்ததைத்தானே எழுதினேன். நீ எவ்வளவு பட்டிருக்க, எனக்குத் தெரியாதா?"

அவர் கண்ணில் கள்ளம் இல்லை. ஒரு துளி இல்லை. உள்ளே ஓடிப்போய், அவர் குடிக்கவே மாட்டார், அந்த அம்மா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்று அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்து, "விடு, எழுதிட்டாங்க" என்றார்.

பிழைத்துக்கொண்டார். ஏதோ கிருமித் தொற்று என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். பழைய சீட்டில் குடிப்பழக்கம் இருந்தவர் என்றே இருக்கிறது. அந்தச் சீட்டில்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்க மாட்டார்கள். அதனால் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அக்காவைப் பற்றி. இனிமேல் சொல்லப்போவது என்னைப் பற்றி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் மறுபடியும் அவருக்குக் கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் வயலுக்குப் போயிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். நெல் மூட்டை அடுக்கியிருக்கிற அறைக்குப் போனேன். அந்தப் பொன்னாடையை விலக்கினேன். மூட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினேன். ஆணியில் தொங்கிய அவர் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வியர்வையும் சேறும் மணத்தன. விடாமல் கடைசி மூட்டையை நகர்த்தி, சுவரோரம் குனிந்து பார்த்தேன்.

வாசலில் நிழல் விழுந்தது. தூக்கை மறந்துவிட்டுப் போனவர் எடுக்க வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியவில்லை.

"என்ன தேடுற?" என்றார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவர் விலகிக் கிடந்த மூட்டையைப் பார்த்தார். என் கையில் இருந்த சட்டையைப் பார்த்தார். உள்ளே வந்து மூட்டையைப் பழைய இடத்தில் தள்ளி வைத்து, பொன்னாடையை எடுத்து உதறி அதன் மேல் போட்டார். பிறகு அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"காபி போடுறேன், உனக்கும் வேணுமா?" என்று அங்கிருந்து கேட்டார். நான் கையில் இருந்த சட்டையை மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.